சாடிக்குக் கை போன கதை

அந்தக் காலத்தில் சாடிக்குக் கை இருந்தது. சிரிக்காதீர்கள். ஊறுகாய்ச் சாடியை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். வாய் இருக்கிறது, கழுத்து இருக்கிறது, தோள் இருக்கிறது, வயிறு பெருத்துக் கிடக்கிறது. இவ்வளவும் இருக்கிற உடம்புக்குக் கை மட்டும் எங்கே போயிற்று என்று இத்தனை வருசத்தில் ஒருத்தராவது கேட்டீர்களா? கேட்க மாட்டீர்கள். மூடியைத் திறந்தோமா, எடுத்தோமா, நாக்கைச் சப்புக்கொட்டினோமா என்று போய்விடுவீர்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான். இந்தக் கதையைக் கோபத்தோடுதான் சொல்வேன், சகித்துக்கொண்டு கேளுங்கள்.

ஆடு மாடு, பூனை காக்கை, சட்டி பானை எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. குயவர் வீட்டில் சாடி வனையும்போதே உள்ளே ஒரு கையும் வைத்து வனைவார்கள். வயிற்றின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும், நடுவில் முழங்கை மடங்கும், நுனியில் அகப்பை மாதிரி குழிந்த உள்ளங்கை இருக்கும். விடிகிற நேரத்தில் சாடி அந்தக் கையை நன்றாகச் சுற்றிவிடும். அடியில் கிடந்த காய் மேலே வரும், மேலே மிதந்த காய் அடிக்குப் போகும், உப்பும் காரமும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல ஏறும். கடகடவென்று அந்தச் சத்தம் கேட்டுத்தான் வீட்டில் உள்ளவர்கள் எழுந்திருப்பார்கள். யாரும் கரண்டியைத் தொட வேண்டியதில்லை. வருசம் முழுக்க ஊறுகாய் கெடாமல் இருந்தது.

வைகைக் கரையில், மாந்தோப்புக்கு நடுவே இருந்த ஓர் ஊருக்கு ஒச்சம்மா என்கிற பெண் வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த வீட்டில் மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது. "பிக்கல் பிடுங்கல் இல்லாத வீடு, குடுத்து வச்சவ" என்று ஊரே சொன்னது. அவள் கொடுத்து வைத்த லட்சணத்தைக் கேளுங்கள். மாமனார் பெரியாண்டி, புருசன் சிவனாண்டி, கொழுந்தன் தவசி, மூன்று பேரும் ஆண்கள். காட்டில் பாடுபடுவார்கள், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாசற்படியை மிதித்துவிட்டால் மூன்று பேர் கையும் மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர்ச் செம்பு எட்டும் தூரத்தில் இருந்தாலும் "ஒச்சம்மா, தண்ணி" என்று குரல்தான் வரும். அவளும் காட்டில் களையெடுத்துவிட்டு அப்போதுதான் வந்து நிற்பாள்.

அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே துணை, தாய்வீட்டுச் சீரோடு வந்த சாடி. வாய் கொஞ்சம் நீளமான சாடி. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும். "ஏ புள்ள, சட்டியை வழிச்சு அவங்க மூணு பேருக்கும் போட்டுட்டியே, உனக்கு எங்க?" என்று கேட்கும். "இன்னைக்கு உன் புருசன் மூஞ்சி ஏன் அப்படி இருக்கு, யாரு வேப்பெண்ணெய் குடுத்தது?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைக்கும்.

அந்த வருசம் மாசி மாதத்தில் தோப்பில் வடு உதிர்ந்தது. ஒச்சம்மா காம்பு உடையாத பிஞ்சாகப் பொறுக்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் புரட்டி, கல்லுப்பும் மிளகாயும் மஞ்சளும் கடுகும் அரைத்துப் போட்டுச் சாடியை நிரப்பினாள். வருசம் முழுக்கக் கஞ்சிக்கு அந்த மாவடுதான் துணை. வேறு எதுவும் கிடையாது. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக அவளுடைய அம்மா வந்து நின்றாள்.

மாமனார் பெரியாண்டி தாடியைச் சொறிந்தார். "மகராசியாப் போகட்டும். ஆனா மாவடுவை யாரு பாக்கிறது? அது கெட்டுப்போனா வருசம் பூரா வெறுங்கஞ்சியை முழுங்கச் சொல்றியா?"

ஒச்சம்மாவுக்கு இது தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இல்லாமல் இந்த மூன்று பேரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவசரமாக ஒரு பதில் சொன்னாள்.

"மாமா, சாடிக்குக் கை இருக்கு. தன்னால கிளறிக்கிடும். நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேணாம். செய்யாம இருந்தாப் போதும்."

"செய்யாம இருக்கிறதுக்கு இந்த வீட்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை" என்றது சாடி.

பெரியாண்டி சாடியை முறைத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "சரி. சாடிக்குக் கை இருக்கிற வரைக்கும் உனக்குத் தாய்வீட்டுக்கு வழி உண்டு. போயிட்டு வா."

இந்தப் பேச்சை நீங்கள் மறக்கக்கூடாது. ஒரு பெண் தன் அம்மாவைப் பார்க்கப் போவதற்கு ஒரு சாடியின் கை ஜாமீன். கேட்கவே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் ஒச்சம்மா அன்றைக்குச் சந்தோசமாகத்தான் கிளம்பினாள். போகும்போது மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "மாவடு தவிர அதுல வேற எதையும் போட்டுறாதீங்க. ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. எடுக்கும்போது கையைத் துடைச்சுக்கிட்டு எடுங்க." மூன்று பேரும் மாடு தலையாட்டுவதுபோல ஆட்டினார்கள். அடுப்பங்கரைப் பரணில் படுத்திருந்த சாம்பல் நிறப் பூனையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாள் அக்கம்பக்கத்து வீடுகளில் இரக்கப்பட்டு ஆளுக்கொரு வேளை சோறு கொடுத்தார்கள். எத்தனை நாளைக்குக் கொடுப்பார்கள்? பிறகு அண்ணனும் தம்பியும் அடுப்பு மூட்டினார்கள். ஒருநாள் சோறு குழைந்தது, ஒருநாள் கருகியது. அதற்கெல்லாம் அசராத பெரியாண்டிக்குத் திடீரென்று கேழ்வரகுக் களிமேல் ஆசை வந்துவிட்டது.

களி கிண்டுவது லேசுப்பட்ட வேலையா? தண்ணீர் கொதிக்கும்போது மாவைத் தூவி, பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு, துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். மாவு இறுக இறுகத் தோள்பட்டை கழன்றுவிடும். ஒச்சம்மா வேர்க்க விறுவிறுக்கக் கிண்டும்போது இந்த மூன்று பேரும் வெளியே உட்கார்ந்து "இன்னும் ஆகலையா?" என்று கேட்டவர்கள். தவசி துடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றினான். களி கட்டி தட்டிப்போயிற்று.

"எனக்குக் கை வலிக்குதுப்பா" என்றான்.

"களி கிண்டத் தெரியாத நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்றார் பெரியாண்டி. அவர் எழுந்து வந்து கிண்டவில்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சிவனாண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதுதான் கிழவரின் கண் மூலையில் இருந்த சாடிமேல் போயிற்று. "அட மடப்பயலுகளா! கிளறுறதுக்குன்னே ஒண்ணு கையை வச்சுக்கிட்டு அங்க சும்மா உக்காந்திருக்கு பாருங்கடா."

"நான் சும்மா உக்காந்திருக்கலை, பெரியவரே. எனக்குள்ள உங்க வருசத்துச் சாப்பாடு இருக்கு" என்றது சாடி.

பூனையும் பரணிலிருந்து எட்டிப் பார்த்தது. "வேணாம்ங்க. ஒச்சம்மா என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"பூனையெல்லாம் நாட்டாமை பண்ற காலமாப் போச்சு" என்று பெரியாண்டி அதை விரட்டினார்.

அவர்கள் செய்த காரியத்தைச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கே வயிறு எரியும். புளிப்பும் உப்பும் பொங்கி நிற்கிற மாவடுவைப் பித்தளை அண்டாவில் கவிழ்த்தார்கள். பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பேறும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றிச் சாடியை உள்ளே அலசினார்கள். "அடப் பாவிகளா, ஈரம்டா! ஈரம்!" என்று சாடி கத்தியது. கத்தக் கத்தக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மாவைக் கொட்டினார்கள்.

"கிளறு" என்றார் பெரியாண்டி.

"மாட்டேன். நான் ஊறுகாய்ச் சாடி. களி கிண்ட எனக்குக் கை வைக்கலை."

"மாட்டியா? சரி. டேய் சிவனாண்டி, விடிஞ்சதும் போய் உன் பொண்டாட்டியைக் கையோட கூட்டிட்டு வா. பிள்ளையை இங்க வந்து பெத்துக்கிடட்டும். இங்க களி கிண்ட ஆள் இல்லை."

 நிறைமாதத்தில் வண்டியில் குலுங்கி வந்து, அம்மா இல்லாத வீட்டில், இந்த மூன்று பேருக்கும் களி கிண்டிக்கொண்டு ஒச்சம்மா நிற்பதைச் சாடி நினைத்துப் பார்த்தது.  கையைக் கொதிக்கிற மாவுக்குள் விட்டுக் கிளறியது.

களி பட்டுப்போல வந்துவிட்டது. அதுதான் வினை. முதல் நாளே சொதப்பியிருந்தால் விட்டிருப்பார்கள். நன்றாகச் செய்கிறவர்களுக்கு இந்த உலகத்தில் என்ன கிடைக்கும்? இன்னும் கொஞ்சம் வேலைதான் கிடைக்கும். மறுநாளும் களி, அதற்கு மறுநாளும் களி. பெரியாண்டி தன் கூட்டாளிகளையும் சாப்பிடக் கூப்பிட்டார். "எங்க வீட்டுச் சாடி கிண்டற களியைப் பாருங்கய்யா" என்று பெருமை வேறு. குனியக் குனியக் குட்டுகிறவர்களுக்கு எப்போது கை வலித்திருக்கிறது? வலித்ததெல்லாம் சாடிக்குத்தான். முழங்கையில் விரிசல் விட்டது. "கொஞ்சம் தண்ணியா இருக்கட்டும், தாங்கலை" என்று அது கெஞ்சியது. கேட்டது யார்?

ஒருநாள் தவசி, "களி கெட்டியா இருந்தாத்தான் வயித்துல நிக்கும்" என்று சொல்லி இன்னும் இரண்டு கை மாவை அள்ளிக் கொட்டினான். சாடி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்றுக்குக் கையைத் திருப்பும்போது மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கை அடியோடு முறிந்து களிக்குள் விழுந்துவிட்டது.

சாடி அலறிய அலறலில் பரணிலிருந்த பூனை கீழே குதித்தது. அந்த மூன்று பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? கையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, களியை வழித்துத் தின்றார்கள். பெரியாண்டி தட்டில் இரண்டு மண்சில்லு கிடந்தது. அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தின்றார். முறிந்த கையைத் தவசி குப்பைமேட்டில் வீசினான்.

அதற்குப் பிறகு சாடி சும்மா இருக்குமா? அவர்கள் உண்ணும்போது திட்டியது, உறங்கும்போது திட்டியது. "தின்னிப் பயலுகளா, உங்க தோள்ல தொங்குறதெல்லாம் என்ன, பீர்க்கங்காயா? கொத்துற கைக்கும் அறுக்கிற கைக்கும் ஒரு கிண்டு கிண்டினா தேஞ்சா போகும்?" என்று கேட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுச் சிரித்தார்கள். பெரியாண்டிக்கு மானம் போயிற்று. கை முறிந்தபோது போகாத மானம் அப்போதுதான் போயிற்றாம்! அண்டாவில் களிம்பேறிக் கிடந்த மாவடுவை ஈரச் சாடியிலேயே திருப்பிக் கொட்டி, பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, சாடியின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். உள்ளேயிருந்து முணுமுணுப்பு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஒச்சம்மா பெண்பிள்ளையைப் பெற்று இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் தேடியது சாடியைத்தான். "ஏ சாடி, யாரு வந்திருக்கா பாரு" என்று பிள்ளையைக் காட்டினாள். பதில் வரவில்லை. அப்போதுதான் அதன் வாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள்.

"இது என்ன துணி?"

புருசன் சிவனாண்டி மோட்டுவளையைப் பார்த்தான். "அது வந்து... பூனை தட்டிவிட்டுருச்சு புள்ள. கை கொஞ்சம் ஒடஞ்சுபோச்சு."

"யாரு? நானா?" பூனை சிலிர்த்துக்கொண்டு நடுவீட்டுக்கு வந்தது. "பழி ஓரிடம், பாவம் ஓரிடமா? பால் குறைஞ்சாப் பூனை, சட்டி உருண்டாப் பூனை, இப்போ இதுக்கும் பூனையா? இந்தா ஒச்சம்மா, உக்காரு. ஒண்ணு விடாமச் சொல்றேன்." களியில் தொடங்கிக் குப்பைமேடு வரைக்கும் பூனை சொல்லி முடித்தது. மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒச்சம்மா துணியை அவிழ்த்தாள். குப்பென்று நாற்றம் வந்தது. மேலே வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. தேடித் தேடிப் பொறுக்கிய வடு எல்லாம் கொழகொழவென்று கிடந்தது. அதற்குக் கீழேயிருந்து கம்மிப்போன குரலில் சாடி, "வந்துட்டியா புள்ள?" என்றது. ஒச்சம்மாவுக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. ஈரம் ஆகாது என்று பழகிப்போன பெண் அவள்.

பெரியாண்டி தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. ஒரு கைதானே? இனிமே நீ தினமும் கிளறிவிடு. ஆனா ஒண்ணு, முன்னமே பேசினதுதான். சாடிக்குக் கை இல்லை. அதனால தாய்வீடு, திருவிழான்னு இனி நீ கிளம்ப முடியாது."

முறித்தது இவர்கள், தண்டனை அவளுக்கு! எப்படி இருக்கிறது நியாயம்? ஒச்சம்மா எழுந்தாள். இதுவரை மாமனார் முன்னால் குரல் உயர்த்தாதவள் அன்றைக்கு ஊர் கேட்கப் பேசினாள்.

"ஒரு கைதானேன்னு சொல்றீங்களே மாமா, நாக்குக் கூசலையா? என்னைக் கூட்டிட்டு வரச் சொல்லி மிரட்டி அதைக் கொல்லாமக் கொன்னிருக்கீங்க. தின்னது நீங்க, ஒடச்சது நீங்க, ஒளிச்சது நீங்க, கட்டிக்கிடக்க வேண்டியது நானா?" பிள்ளையைத் தூக்கிப் புருசன் கையில் திணித்தாள். "இந்தாங்க, பிடிங்க. இதுக்கும் ரெண்டு கை இருக்கு. இதையும் களி கிண்ட விட்டுறாதீங்க."

சிவனாண்டி பிள்ளையைப் பிடித்துக்கொண்டான். ஒச்சம்மா குப்பைமேட்டில் தேடி முறிந்த கையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, சாடியில் கெட்டுக் கிடந்ததைக் கொட்டிவிட்டு, அதை இடுப்பில் வைத்துக் குயவர் வீட்டுக்கு நடந்தாள்.

குயவர் வீட்டு ராக்கு அப்போது முற்றத்தில் புதுச் சாடிகளைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். முற்றம் முழுக்கச் சாடிகள், ஒவ்வொன்றும் கையை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தது. ராக்கு முறிவைத் தடவிப் பார்த்தாள். "ஒட்டிரலாம் தங்கச்சி. புது மண்ணு குழைச்சுப் புதுக் கையே வச்சுரலாம். முன்னைவிடப் பலமா இருக்கும்."

ஒச்சம்மாவுக்கு உயிர் வந்தது. "வச்சுரு அக்கா. நல்லாப் பலமா வையி."

"வேண்டாம்" என்றது சாடி.

"என்ன வேண்டாம்? கை இல்லேன்னா எனக்குத் தாய்வீடு இல்லைன்னு சொல்லிட்டாரே, கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

"கேட்டேன். நீ சொன்னதையும் கேட்டேன் புள்ள. நீ கிளம்பும்போது மாமனார் என்ன கேட்டாரு? யாரு பாக்கிறதுன்னு கேட்டாரு. நீ உடனே என் கையைக் காட்டினே. அந்த வீட்ல ஆம்பளைங்க கை ஆறு இருந்துச்சு. அதுல ஒண்ணைக்கூட நீ ஏன் காட்டலை?"

 அன்றைக்கு அது ஒச்சம்மாவுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அந்தக் கைகள் மடியைவிட்டு எழுந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"எனக்கு உன்மேல கோபம்தான், ஆனா அது பாதி" என்றது சாடி. "புதுக் கை வச்சா என்ன ஆகும்? இன்னும் பலமான கைன்னு இன்னும் கெட்டியாக் களி போடுவாங்க. உன் தாய்வீட்டை மறுபடி என் கையில கொண்டுவந்து கட்டுவாங்க. வேலை செய்ய ஒரு கை இருக்கிற வரைக்கும் அவங்க கை மடியை விட்டு எழுந்திருக்காது. எனக்குக் கை வேண்டாம். பேச்சும் வேண்டாம். பேசிப் பேசித் தொண்டை போனதுதான் மிச்சம், அதையும் கட்டிப்போட்டாங்க. அந்தத் துணியை நீயே கட்டு. என்னைக் கிளறாம விட்டா மட்டும் நான் சொல்ற விதத்துல சொல்லிக்கிறேன்."

முற்றத்தில் இருந்த சாடிகள் எல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்று கையை மடக்கி வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்ததும் மடக்கியது. பிறகு முற்றம் முழுக்கச் சடசடவென்று ஒரே சத்தம். ராக்கு பதறிப்போய் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள். உள்ளே வழவழவென்று சுவர்தான் இருந்தது, கை இருந்த தடம்கூட இல்லை. சேதி வீட்டுக்கு வீடு பரவி, ஊரில் இருந்த பழைய சாடிகளும் கையை மடக்கி, வாய்க்கும் துணி கட்டச் சொல்லிவிட்டன.

ஒச்சம்மா சாடியைச் சுத்தம் செய்து, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வடு காலம் முடிந்துவிட்டிருந்தது. கிடைத்த நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்துச் சாடியை நிரப்பினாள். வெள்ளைத் துணியால் அதன் வாய்க்கு வேடு கட்டினாள். அதன்மேல் காய்ந்த மரக்கரண்டி ஒன்றை வைத்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்க ஊர்ல திருவிழா. நான் போயிட்டு வாரேன்."

"சாடியை யாரு பாக்கிறது?" என்றார் பெரியாண்டி பழக்க தோசத்தில்.

"வீட்ல ஆறு கை இருக்கு, மாமா."

"கெட்டுப்போகுமேம்மா!"

"போகட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள், போய்விட்டாள். திருவிழா முடிந்து அவள் திரும்பி வந்தபோது நார்த்தங்காய் மேல் பூசணம் பூத்து வழிந்தது. மூன்று பேரும் வெறுங்கஞ்சியில் உப்புக்கல்லைக் கடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒச்சம்மா யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கெட்டதைக் கொட்டினாள், சாடியைக் காயவைத்தாள், மறுபடி காய் நறுக்கிப் போட்டு வேடு கட்டினாள். அடுத்து அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சேதி வந்ததும் மறுபடி கிளம்பினாள். இந்த முறை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்து வாசலில் கால் வைக்கும்போது உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. சாடிக்குக் கை முளைத்துவிட்டதோ என்று ஓடினாள். பெரியாண்டி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, மரக்கரண்டியால் அடிவரைக்கும் விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். கிளறிக்கொண்டே வீடு அதிரக் கத்தினார்: "நேத்து எடுத்துத் தின்னுட்டுக் கிளறாம மூடினது எவன்டா? தவசியா? வாடா இங்க! திங்கத் தெரிஞ்ச கைக்குக் கிளறத் தெரியாதா?"

பரணில் பூனை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. அந்தத் திட்டு சாடி திட்டிய திட்டேதான், ஆள்தான் வேறு.

ஒச்சம்மா வீட்டில் நடந்தது இது. மற்ற வீடுகளில் நடந்தது என்ன? சாடிகள் கையை மடக்கின மறுநாளே அந்த வீட்டுப் பெண்கள், "ஐயோ, கெட்டுப்போகுமே" என்று ஓடிப்போய்க் கரண்டியைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருத்தியாவது "போகட்டும்" என்று சொன்னாளா? சாடிகள் எதற்காகக் கையை விட்டன, வேலை கடைசியில் யார் தலையில் வந்து விழுந்தது பாருங்கள்! எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

அன்று முதல்தான் சாடிக்கு வாயும் கழுத்தும் தோளும் வயிறும் இருந்தும் கை இல்லை. அன்று முதல்தான் அதன் வாயில் வேடு கட்டுகிறோம். ஆகையால் உங்கள் வீட்டுச் சாடியைத் திறக்கும்போது மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அதைப் பூசணம் என்று சொல்லாதீர்கள். கையும் இல்லாமல் வாயையும் கட்டிப்போட்ட பிறகு, பாவம், அது வேறு எப்படித்தான் உங்களைத் திட்டும்?